கரிசல் ஊர்களில் தொலைக்காட்சிக் கட்டணம்

வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில், ஊர்களின் வருமானம் மழையை ஒட்டி ஏறி இறங்குவதால், மாதந்தோறும் தவறாமல் கட்டவேண்டிய சந்தா இங்கே யோசித்தே ஏற்கப்படும் செலவு. 1980களின் நடுப்பகுதி வரை உரிமக் கட்டணம், அதாவது பெட்டி வைத்திருப்பதற்கான ஆண்டுத் தொகை, அஞ்சலகத்தில் செலுத்தப்பட்டது; அது நீங்கியபின், மாடியில் நட்ட இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, படத்தில் புள்ளிகள் மறையும்வரை ஒருவர் மேலே திருப்ப, மற்றவர் கீழிருந்து குரல் கொடுக்க, தூர்தர்ஷனைக் காசின்றிப் பார்க்க முடிந்தது. 1993இல் சன் டிவி தொடங்கியபின் கேபிள் பரவி மாதக் கட்டணத்தைப் பழக்கியது; 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமோ பெட்டியைத் தந்ததே தவிர, இணைப்புச் செலவைக் குடும்பத்தின் தலையிலேயே விட்டது. அச்சுமையை உண்மையில் குறைத்தது 2011இல் அரசு கேபிள் நிறுவனம் நிர்ணயித்த 70 ரூபாய் மாதக் கட்டணமே. 2019இல் 130 ரூபாய் அடிப்படைக் கட்டணத்துக்குமேல் கட்டணச் சேனல்களைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது, எதைப் பார்க்கிறோம் என்று கணக்கிடும் பழக்கமும் உடன் வந்தது. இணையம்வழிப் படம் காட்டும் ஓடிடி சந்தாவுக்கும் அக்கணக்கே பொருந்தும்: விளைச்சலை நம்பிய வீட்டுக்கு ஆண்டுச் சந்தா வேண்டாம், பணம் புழங்கும் மாதத்துக்கு மட்டும் கட்டி நிறுத்துவதே தகும்.