ரிசால் மாகாணம்: மணிலாவுக்கு ஊர்களை ஈந்த மலைநாடு

பிலிப்பின்ஸ் நாட்டின் தேசிய வீரர் ஹோஸே ரிசாலின் பெயரைத் தாங்கி நிற்கும் மாகாணம், அவர் பிறந்த மாகாணம் அன்று. 1861 ஜூன் 19-ஆம் தேதி அவர் பிறந்த கலம்பா, ஏரிக்கு அப்பாலுள்ள லகுனா மாகாணத்தைச் சேர்ந்த ஊராகும். தன் வீரரைப் பெற்றெடுக்காத ரிசால் மாகாணம், தான் பெற்றெடுத்த ஊர்களையும் தன்னிடம் வைத்துக்கொள்ள இயலவில்லை. இன்றைய மணிலா பெருநகரப் பகுதியில் அடங்கிய 17 உள்ளாட்சிகளில் 15, ஒரு காலத்தில் இம்மாகாணத்தின் நிலமாக இருந்தவை. மகாட்டியின் நிதி நிறுவனக் கோபுரங்கள் எழுந்துள்ள இடமும் அவற்றுள் அடங்கும்.

எஞ்சிய நிலப்பரப்பு சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். கிழக்கே நாட்டின் மிக நீண்ட மலைத்தொடரான சியரா மாத்ரே, தெற்கே நாட்டின் மிகப்பெரிய ஏரியான லகுனா டி பே, மேற்கே மணிலா பெருநகரம் என மூன்று எல்லைகளுக்கு இடையே இம்மாகாணம் அமைந்துள்ளது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 33 லட்சத்து 30 ஆயிரம் பேர் வசிக்கின்றனர். அன்டிபோலோ நகரமும் 13 நகராட்சிகளும் இதில் உள்ளன.

தொல்பழங்காலமும் ஸ்பானியர் வருகையும்

இம்மாகாணத்தின் வரலாறு எழுத்துக்கு முன்பே பாறையில் தொடங்குகிறது. அங்கோனோ, பினாங்கோனன் ஆகிய ஊர்களின் எல்லையில் உள்ள பாறைக் குடைவில் 127 உருவங்கள் கீறப்பட்டுள்ளன. பெரும்பாலானவை கைகால் விரித்து நிற்கும் மனித உருவங்கள். கி.மு. 2000-க்கு முற்பட்டவை எனக் கருதப்படும் இவை, பிலிப்பின்ஸில் அறியப்பட்ட மிகப் பழைய கலைப்படைப்புகளாகப் போற்றப்படுகின்றன. அங்கோனோவைச் சேர்ந்த ஓவியர் கார்லோஸ் பிரான்சிஸ்கோ 1965-இல் சாரணச் சிறுவர்களுடன் மலையேறியபோது இவற்றைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தார். 1973-இல் இவை தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன.

1571-இல் ஸ்பானியர் மணிலாவைத் தம் தலைமையிடமாக்கியபோது, சுற்றியிருந்த ஊர்கள் அனைத்தும் உடனே பணிந்துவிடவில்லை. அரண் சூழ்ந்த கைன்டா எதிர்த்து நின்றது. ஹுவான் டி சால்செடோ தலைமையில் வந்த படை அதைப் போரிட்டே கைப்பற்றியது. அதன்பின் கிறித்தவத் துறவியர் ஏரிக்கரை ஊர்களிலும் மலையடிவார ஊர்களிலும் ஆலயங்களை எழுப்பினர். மோரோங், டானாய், பராஸ் ஆகிய இடங்களில் கல்லாலான பழைய தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. 1853-இல் மலைப்பகுதி தனி நிர்வாக மாவட்டமாகப் பிரிக்கப்பட்டு, 1857-இல் மோரோங் மாவட்டம் எனப் பெயர் பெற்றது.

மெட்ராஸிலிருந்து வந்த படை

கைன்டாவின் வரலாற்றில் இந்தியாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், ஸ்பெயினுக்கு எதிராகப் பிரிட்டன் போர் தொடுத்தது. 1762-இல் மெட்ராஸிலிருந்து ஒரு கப்பற்படை மணிலாவுக்குப் புறப்பட்டது. கடற்படைக்கு சாமுவேல் கார்னிஷும், தரைப்படைக்கு வில்லியம் டிரேப்பரும் தலைமை ஏற்றனர். கிழக்கிந்திய கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் சுமார் 600 பேரும் அதில் இடம்பெற்றனர். செப்டம்பர் இறுதியில் தரையிறங்கிய படையிடம் அக்டோபர் தொடக்கத்தில் மணிலா வீழ்ந்தது. கைப்பற்றிய நகரை ஆள, மெட்ராஸில் கம்பெனிப் பணியிலிருந்த டாசன் டிரேக் ஆளுநராக அமர்த்தப்பட்டார்.

1764-இல் பிரிட்டிஷார் வெளியேறினர். ஆனால் படையிலிருந்து விலகிய சிப்பாய்களில் ஒரு பகுதியினர் திரும்பிச் செல்லவில்லை. அவர்கள் கைன்டாவிலும் அதனருகேயும் குடியமர்ந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து, டகாலோக் மொழி பேசும் மக்களோடு கலந்துவிட்டனர். இரண்டரை நூற்றாண்டு கடந்த பின்னும், தங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்ற நினைவு கைன்டாவின் குடும்பங்கள் சிலவற்றில் நிலைத்துள்ளது.

புரட்சியின் மறைவிடம்

ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் இம்மலைகள் புகலிடமாயின. 1895 ஏப்ரல் மாதம் புனித வெள்ளியன்று, கதிபுனான் இரகசிய இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரேஸ் போனிபாசியோ தோழர்களுடன் மொன்டால்பானில் உள்ள பமிதினான் குகைக்குள் சென்றார். பிலிப்பின்ஸ் விடுதலை வாழ்க என்ற பொருள்படும் ஸ்பானிய முழக்கத்தை அவர்கள் குகைச் சுவரில் கரியால் எழுதினர். அடுத்த ஆண்டு புரட்சி வெடித்தது. அதே ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி மணிலாவில் ரிசால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஸ்பானியருக்குப் பின் வந்த அமெரிக்கருக்கு எதிரான போரில் சான் மதேயோ பெயர் பெற்றது. 1899 டிசம்பர் 19-ஆம் தேதி இங்கு நடந்த சண்டையில், ஜெனரல் லிசேரியோ ஹெரோனிமோவின் படையினர் சுட்டதில் அமெரிக்க ஜெனரல் ஹென்றி லாட்டன் உயிரிழந்தார். அப்போரில் கொல்லப்பட்ட மிக உயர்ந்த நிலை அமெரிக்க அதிகாரி அவரே. 1886-இல் அப்பாச்சே பழங்குடியினரின் புகழ்பெற்ற போராளி ஜெரோனிமோவைத் தேடிப் பின்தொடர்ந்து சென்ற படைக்குத் தலைமை தாங்கியவரும் இதே லாட்டன்தான். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே பெயருடைய மற்றொருவரின் படையிடம் அவர் வீழ்ந்தார்.

மாகாணம் பிறந்ததும் சுருங்கியதும்

அமெரிக்க ஆட்சியின்கீழ் 1901 ஜூன் 11-ஆம் தேதி, பழைய மணிலா மாகாணமும் மோரோங் மாவட்டமும் இணைக்கப்பட்டுப் புதிய மாகாணம் உருவானது. இரு தரப்பினரும் தத்தம் பெயரை விட்டுக்கொடுக்கத் தயங்கிய நிலையில், அறிஞர் திரினிதாத் பர்டோ டி தவேரா ரிசாலின் பெயரை முன்மொழிந்தார். அதை எவராலும் மறுக்க இயலவில்லை. பாசிக் மாகாணத் தலைநகரானது.

அன்று மணிலா நகரை மூன்று திசைகளிலும் சூழ்ந்திருந்த பெரும் பரப்பு ரிசால் மாகாணம். தலைநகரம் வளர வளர மாகாணம் சுருங்கியது. 1939-இல் அதன் நிலத்தை எடுத்துக் கேசோன் நகரம் உருவாக்கப்பட்டது. பசாய், கலோகான் ஆகியவையும் பின்னர் தனி நகரங்களாயின. ராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், 1975 நவம்பர் 7-ஆம் தேதி அதிபர் பெர்டினான்ட் மார்கோஸ் பிறப்பித்த ஆணை, மணிலா பெருநகரத்தை அமைத்தது. மகாட்டி, மரிகினா, பாசிக், மண்டலுயோங், சான் ஹுவான், தகிக், பதேரோஸ், பரன்யாக்கே, லாஸ் பின்யாஸ், முந்தின்லுபா, மலபோன், நவோதாஸ் ஆகிய 12 ஊர்கள் ஒரே நாளில் ரிசாலிடமிருந்து பிரிந்தன. வருவாய் மிகுந்த ஊர்கள் போயின. மலையும் ஏரிக்கரையும் எஞ்சின.

இதனால் விந்தையான நிலையொன்று ஏற்பட்டது. தலைநகர் பாசிக்கே மாகாணத்துக்கு வெளியே போய்விட்டது. அதன்பின் 30 ஆண்டுகளுக்கும் மேலாக, ரிசாலின் ஆட்சி தன் எல்லைக்கு அப்பாலிருந்தே நடந்தது. 2009-இல் மாகாண அலுவலகம் அன்டிபோலோவுக்கு மாறியது. அன்டிபோலோவே தலைநகர் என்று சட்டம் அறிவித்தது 2020-இல்தான். 1992 முதல் ஆளுநர் பதவி இனாரெஸ் குடும்பத்தினரிடமே தொடர்ந்து இருந்துவருகிறது.

ஊர்கள்

அன்டிபோலோ: ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர் வாழும் மலைநகரம். அமைதிக்கும் நற்பயணத்துக்கும் உரிய அன்னையாக வணங்கப்படும் மரியன்னையின் திருவுருவம் இங்குள்ளது. 1626-இல் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து வந்த அது, பின்னர் பலமுறை வணிகக் கப்பல்களுக்குக் காவலாகப் பசிபிக் பெருங்கடலைக் கடந்தது. 1868-இல், தாய் நேர்ந்த வேண்டுதலை நிறைவேற்ற, சிறுவன் ரிசால் தந்தையுடன் இங்கு வந்தார். அவர் பெயரைத் தாங்கிய மாகாணத்துடன் அவருக்குள்ள உண்மையான உறவுகளுள் இதுவும் ஒன்று. பழைய தேவாலயம் 1945 போரில் அழிந்தது. இன்றுள்ளது அதன்பின் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் பெரிய வியாழன் இரவில் மணிலாவிலிருந்து பெருந்திரளானோர் இங்கு நடைப்பயணமாக வருகின்றனர். முந்திரியும், இலையில் பொதிந்து வேகவைத்த சுமான் எனும் அரிசிப் பண்டமும் பயணிகள் வாங்கிச் செல்பவை.

அங்கோனோ: கலைஞர்களின் ஊர் எனப் பெயர் பெற்றது. நவம்பர் மாதம் புனித கிளமென்ட் விழாவையொட்டி, காகிதக் கூழால் செய்த பேருருவப் பொம்மைகள் தெருவில் ஊர்வலம் வருகின்றன. பண்ணை நிலப்பிரபுக்களைக் கேலி செய்ய உழவர்கள் தொடங்கிய வழக்கம் இது என்பது ஊரார் கூற்று.

ரோட்ரிகஸ்: மொன்டால்பான் என்பதே இதன் பழைய பெயர். இம்மண்ணில் பிறந்து நாடாளுமன்ற மேலவைத் தலைவராக விளங்கிய யூலோஹியோ ரோட்ரிகஸின் நினைவாக 1982-இல் பெயர் மாற்றப்பட்டது. எனினும் மக்கள் வழக்கில் மொன்டால்பான் மறையவில்லை. 1909-இல் கட்டப்பட்ட வாவா அணை இங்கிருந்தே மணிலாவுக்குக் குடிநீர் தந்தது.

தய்தாய், கைன்டா: தய்தாய் ஆயத்த ஆடைக்கும் மரவேலைக்கும் பெயர் பெற்றது. கைன்டா அரிசி மாப் பலகாரங்களுக்குப் புகழ் பெற்றது. பெருநகரை ஒட்டியுள்ள இவ்விரண்டும் வீடுகள் நெருங்கிய ஊர்கள்.

பினாங்கோனன், கார்டோனா, ஹலாஹலா: ஏரி மீன்பிடிப்பை நம்பிய ஊர்கள். 2023 ஜூலையில் பினாங்கோனன் அருகே பயணிகள் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பிலில்லா, டானாய், பராஸ்: பிலில்லா மலைமுகட்டில் 27 காற்றாலைகள் 54 மெகாவாட் மின்திறனுடன் 2015 முதல் இயங்குகின்றன. டானாயில் டரனாக் அருவியும், பராஸில் மசுங்கி சுண்ணாம்புப் பாறைக் காடும் உள்ளன.

குறிப்பிடத்தக்கோர்

கார்லோஸ் பிரான்சிஸ்கோ (1912-1969): போதோங் என்று அன்புடன் அழைக்கப்பட்டவர். மணிலா நகர மன்றத்துக்காக நாட்டின் வரலாற்றை மாபெரும் சுவரோவியமாகத் தீட்டினார். 1973-இல் தேசியக் கலைஞர் விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் அங்கோனோவிலேயே வாழ்ந்தார்.

லூசியோ சான் பெட்ரோ (1913-2002): அங்கோனோவில் பிறந்த இசையமைப்பாளர். தாயின் தொட்டில் நினைவைப் போற்றும் இவரது பாடல் நாடெங்கும் அறியப்பட்டது. 1991-இல் தேசியக் கலைஞரானார்.

லோப்பே கே. சாண்டோஸ்: 1879-இல் பாசிக்கில் பிறந்தவர். 1906-இல் நூலாக வெளிவந்த இவரது பனாக் அட் சிகாத் நாவல், தொழிலாளர் வாழ்வையும் சமூகச் சமத்துவத்தையும் பேசிய முன்னோடிப் படைப்பு. 1910 முதல் 1913 வரை ரிசால் ஆளுநராகப் பணியாற்றினார். பின்னாளில் தேசிய மொழியின் இலக்கணத்தை வகுத்தார்.

தோமாஸ் கிளாவுதியோ: மோரோங்கில் பிறந்தவர். அமெரிக்கப் படையில் சேர்ந்து, 1918-இல் பிரான்ஸில் உயிர் துறந்தார். முதல் உலகப் போரில் இறந்த முதல் பிலிப்பினோ வீரராக நினைவுகூரப்படுகிறார். அவர் ஊரில் ஒரு கல்லூரி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

மலையும் வெள்ளமும்

ரிசாலுக்கும் தலைநகருக்கும் இடையிலான கணக்கு இன்னும் முடியவில்லை. மரிகினா ஆறு இம்மாகாணத்து மலைகளில் தோன்றி, சான் மதேயோ வழியாகப் பெருநகருக்குள் இறங்குகிறது. காடழிப்பும் கல் குவாரிகளும் மலைச்சரிவின் நீர் தாங்கும் திறனைக் குறைத்துள்ளன. 2009 செப்டம்பர் 26-ஆம் தேதி கெட்சானா புயலின்போது, மணிலாவில் 24 மணி நேரத்தில் சுமார் 455 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சான் மதேயோ, கைன்டா, மரிகினா ஆகியவை நீரில் மூழ்கின. 2020 நவம்பரில் வாம்கோ புயலின்போதும் அதே நிலை ஏற்பட்டது. 2011-இல் மேல் மரிகினா ஆற்றுப்படுகையில் சுமார் 26,000 ஹெக்டேர் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

மறுபுறம், பெருநகரின் குடிநீர்த் தேவைக்காக டானாய் மலைப்பகுதியையும் அண்டையிலுள்ள கேசோன் மாகாணத்தையும் உள்ளடக்கிய கலிவா அணைத் திட்டம், 2018-இல் கையெழுத்தான சீனக் கடனுதவியுடன் முன்னெடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 60 கோடி லிட்டர் நீர் வழங்குவது இதன் நோக்கம். தங்கள் மூதாதையர் நிலமும் புனித இடங்களும் மூழ்கிவிடும் என்று அங்கு வாழும் டுமகட்-ரெமொன்டாடோ பழங்குடியினர் எதிர்ப்பு தெரிவித்துவருகின்றனர். ஸ்பானியர் ஆட்சிக்குப் பணிய மறுத்து மலையேறியவர்களின் வழிவந்தோரும் அவர்களுள் அடங்குவர் என்பதைப் பழங்குடிப் பெயரின் பின்பாதியே உணர்த்துகிறது: மலைக்குத் திரும்பிச் சென்றவர் என்பது அதன் பொருள்.