மூன்று வருஷப் படிப்பும் முப்பத்தைந்து வருஷ நோட்டும்



ஜனவரிப் பொதுக்குழுவுக்கு வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் வளாகத்தின் பின்மூலையில் இருக்கும் பள்ளத்தை மண்ணடித்து மேடாக்கி, பேவர் பிளாக் பதித்து, கார் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. மழைத்தண்ணீர் முழுக்க அங்கேதான் போய் நிற்கிறது, மூடினால் வீட்டுக்குள் வரும் என்று சிலர் சொன்னார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டமே வெள்ளத்தில் தவித்ததே, அன்று எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பேச்சு வந்தது. ஒருவர் கணுக்கால் அளவு என்றார். இன்னொருவர் பைக் சீட் வரை என்றார். "எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறோமா?" என்று பொருளாளர் கேட்டார். யாரும் எழுதவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். ஐந்து பைசா டேலி ஆகாவிட்டால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடுவோம். என் வீட்டு வாசலில் நின்ற தண்ணீரை நான் எழுதி வைக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதே வாரம் பி-பிளாக்கில் இருக்கும் ஒரு பெண் வந்தாள். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பொங்கல் முடிந்ததும் குளத்தில் பறவை எண்ணப் போய்விட்டு வந்திருந்தாள். "எண்ணுறவங்களை விட எழுதுறவங்கதான் தாத்தா முக்கியம். பைனாகுலர் வச்சிருக்கவன் சொல்லிட்டே போவான், ஒரு வரி விட்டுட்டா அந்தக் குளத்துக் கணக்கே போச்சு" என்றாள். கேஷியருக்கும் லெட்ஜர் கிளார்க்குக்கும் உள்ள உறவுதான் இது என்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மாணவர்கள் எப்போதிருந்து இப்படி எண்ணவும் எழுதவும் ஆரம்பித்தார்கள் என்று தேடிப் படித்தேன். உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன கதை சென்னைக் கடற்கரையில் நடந்தது. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் கடலாமை, ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராத்திரியில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். முட்டைகளை நாய் தோண்டும், ஆளும் எடுத்துப்போவார்கள். 1970-களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணை தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்ற ஆரம்பித்தார்கள். ஐஐடி-யில் பொறியியல் படிக்க வந்த சதீஷ் பாஸ்கரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். பின்னாளில் அவர் இந்தியக் கடற்கரைகளைக் காலால் நடந்தே சுற்றி, ஆமைகள் முட்டையிடும் இடங்களைக் குறித்தார்.

பிறகு சில ஆண்டுகள் அரசுத் துறைகள் முட்டைப் பொரிப்பகம் நடத்தின. அது 1988 வாக்கில் நின்றது. அப்போதுதான் நகரத்துக் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து, கடலாமைப் பாதுகாப்புக்காகத் தங்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். முப்பத்தைந்து வருஷம் தாண்டியும் அது நடக்கிறது.

அவர்கள் வேலை எப்படி என்று பாருங்கள். நள்ளிரவு வாக்கில் நடக்க ஆரம்பிப்பார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். ஆமை ஏறி இறங்கிய தடத்தை மணலில் கண்டுபிடிக்க வேண்டும். குழி எந்த இடம் என்று பதமாகக் குத்திப் பார்த்து, முட்டை உடையாமல் கையால் தோண்டி எடுத்து, பையில் வைத்துப் பொரிப்பகத்துக்குச் சுமக்க வேண்டும். அங்கே தாய் ஆமை பறித்த அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி பறித்துப் புதைத்து, தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதி வைப்பார்கள். 45 முதல் 60 நாளில் பொரியும். எத்தனை குஞ்சு வந்தது, எத்தனை முட்டை கெட்டது என்று எண்ணி எழுதிவிட்டுக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். என் பாஷையில் சொன்னால் வரவு, செலவு, வாராக்கடன் மூன்றும் அந்த நோட்டில் உண்டு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாணவன் கல்லூரியில் இருப்பது மூன்று வருஷம். ஆமை வளர்ந்து முட்டையிட வர பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். முதலாண்டில் ஒரு பையன் கடலில் விட்ட குஞ்சு தாயாகத் திரும்பும்போது அவனுடைய பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். சீசனோ சரியாகப் பரீட்சை நேரத்தில் வருகிறது. இருந்தும் இது நிற்கவில்லை. சீனியர் ஜூனியருக்குத் தடம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறான், நோட்டை ஒப்படைக்கிறான், போகிறான். நாங்கள் இடமாற்றம் ஆனால் சார்ஜ் ஒப்படைப்போமே, அதுதான்.

அந்தக் கணக்கால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. செய்தி நாடெங்கும் போனது, பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எல்லா வருஷமும் சில ஆமைகள் சாவது வழக்கம்தான். அந்த வருஷம் நடந்தது வழக்கம் இல்லை என்று அடித்துச் சொல்ல, முந்தைய வருஷங்களின் கணக்கு கையில் இருந்தது. இல்லாவிட்டால் நம் பொதுக்குழு மாதிரி, ஒருவர் கணுக்கால் என்றும் இன்னொருவர் பைக் சீட் என்றும் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ராத்திரி மணலில் நடந்தவர்கள் சிலருக்கு அதுவே தொழிலும் ஆனது. அமைப்பைத் தொடங்கிய மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தில் பேராசிரியரானார். மாதவ் காட்கில் 1983-இல் தொடங்கிய மையம் அது.

சென்னைக் கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்திருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் வந்தது. அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் மேற்குத் தொடர்ச்சி மலையடியில், ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. பி-பிளாக் பெண் போன கணக்கெடுப்பும் நம் பக்கத்ததுதான். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையமும், நெல்லை, தூத்துக்குடி இயற்கை ஆர்வலர் அமைப்புகளும் சேர்ந்து நடத்துகின்றன. எண்ணுபவர்களில் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர். முதலில் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி. பிறகு சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து விடியற்காலையிலேயே குளத்தங்கரையில் நிற்பார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வரும் வரித்தலை வாத்து கூந்தன்குளத்தில் இறங்குகிறது. எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, எது வற்றியது, எந்தப் பறவை குறைகிறது என்பதெல்லாம் இப்போது வருஷவாரியாகத் தாளில் இருக்கிறது.

என் காலத்தில் இதெல்லாம் இல்லை. 1970-களின் கடைசியில் நான் பி.காம். படித்தபோது எங்களுக்கு இருந்தது நாட்டு நலப்பணித் திட்டம் ஒன்றுதான். பத்து நாள் முகாம் என்று ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊருணிக் கரையில் புங்கங்கன்றும் வேப்பங்கன்றும் நட்டோம், போட்டோ எடுத்துக்கொண்டோம், ராத்திரி நாடகம் போட்டோம். எத்தனை கன்று என்று யாரும் எழுதவில்லை. யார் தண்ணீர் ஊற்றுவது என்றும் பேசவில்லை. அடுத்த வருஷப் பையன்கள் வேறு கிராமத்துக்குப் போனார்கள். நாலு வருஷம் கழித்து வேலை விஷயமாக அந்த வழியே போனபோது இறங்கிப் பார்த்தேன். சீமைக்கருவேல்தான் இருந்தது. எங்களுக்கு உழைப்பில் குறை இல்லை. ஒப்படைக்க ஒரு நோட்டு இல்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு பி.காம். படிக்கிற பிள்ளைக்கும் சுற்றுச்சூழல் ஒரு பாடம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பலன் அது. நல்லதுதான். ஆனால் பாடம் பரீட்சையோடு முடிந்துவிடும். நோட்டு அடுத்த பிள்ளையின் கைக்குப் போகும்.

இனி நம் பள்ளத்துக்கு வருகிறேன். நம்முடையது கரிசல் மண். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையில் ஊறியதும் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும், அதற்கப்புறம் தண்ணீர் உள்ளே இறங்க நேரமாகும். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர்தான் மழை என்றாலும், பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். 2023-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை மறக்க முடியாது. அப்படி ஒரு நாள் நமக்கும் வந்தால், அந்தப் பள்ளம் எத்தனை வீட்டைக் காப்பாற்றும்? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாமல் எப்படி ஓட்டுப் போடுவது?

நான் பள்ளத்தை மூடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. என் காரும் வெயிலில்தான் நிற்கிறது. ஒரு மழைக்காலம் பொறுங்கள் என்றுதான் கேட்கிறேன். பள்ளத்தில் அளவு குறித்த ஒரு கல்லை நடுவோம். ஒரு மழைமானியை மொட்டை மாடியில் வைப்போம். செக்யூரிட்டி மேஜையில் பார்வையாளர் ரிஜிஸ்டர் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். மழை பெய்த மறுநாள் காலை மழை எவ்வளவு, பள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாளில் வற்றியது என்று எழுதுவோம். அங்கே கருவேல மரத்தில் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறதே, அதையும் பிள்ளைகள் எண்ணட்டும். பி-பிளாக் பெண் சொல்லிக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்புதான் பாக்கி. அவள் போவதற்குள் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் நாலு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு முழு நீள லாங் சைஸ் நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் கோடு போட்டுத் தலைப்பும் எழுதிவிட்டேன், பழக்கதோஷம். பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகள் எந்த நாளும் மாலை ஆறு மணிக்கு மேல் என் வீட்டுக்கு வரலாம். பெரியவர்களும் வரலாம்.