வேடன் கொடுத்த மலை

ஜப்பானின் வடகிழக்கில், யமகாட்டா நகரை ஒட்டிய மலைச்சரிவில் ரிஷ்ஷாகுஜி என்னும் பௌத்தக் கோயில் உள்ளது. மக்கள் வழக்கில் அது யமதேரா, அதாவது மலைக்கோயில். கி.பி. 860இல் என்னின் என்னும் துறவி இதனை நிறுவினார் என்பது மரபு. கவிஞர் பாஷோ 1689இல் இங்கு வந்து சென்றதால், இலக்கிய வாசகர் பலருக்கு இப்பெயர் அறிமுகமாகியிருக்கும். நாம் இங்கே பேசவிருப்பதோ அம்மலையின் பழைய குடிகளான விலங்குகளைப் பற்றி.

கோயிலின் தோற்றக்கதை ஒரு வேடனிடமிருந்து தொடங்குகிறது. பாஞ்ஜி பான்சாபுரோ என்னும் அவன் அப்பகுதி மலைகளை ஆண்டுவந்தான். ஒரு பாறையருகே என்னினைச் சந்தித்து, அவருடைய அறவுரையால் மனம் மாறி, வேட்டையைக் கைவிட்டு மலையையும் அளித்தான். உயிர்பிழைத்த விலங்குகள் மகிழ்ந்து ஆடினவாம். அதன் நினைவாக இன்றும் அங்கே விலங்குமுகம் அணிந்து ஆடும் ஷிஷி ஒதொரி நடனம் நிகழ்கிறது.

கதையில் வேடன் வில்லை வைத்துவிட்டான். வரலாற்றிலோ வேட்டை நிற்கவில்லை. அவனையே தம் முன்னோனாகக் கொண்டாடும் மதாகி என்னும் வேடர்கள், வடகிழக்கு மலைகளில் நூற்றாண்டுக் கணக்காகக் கரடி வேட்டையாடினர். மலைத்தெய்வத்தை வணங்கிய பின்னரே அவர்கள் காட்டினுள் நுழைவர். கரடியின் பித்தப்பை விலையுயர்ந்த மருந்தாயிற்று. மார்பில் வெண்பிறை தாங்கிய இக்கருங்கரடியை ஜப்பானியர் 'ட்சுகினோவாகுமா', அதாவது நிலாவளையக் கரடி, என்பர்.

கரடியை ஊருக்கு அப்பால் நிறுத்தியது வேட்டை மட்டுமன்று. விறகுக்கும் கரிக்கும் மக்கள் நாளும் புழங்கிய சதோயாமா என்னும் ஊரோரக் காடு, இருவருக்கும் நடுவே எல்லையாக நின்றது. எரிவாயுவும் எண்ணெயும் வந்தபின் அக்காடு கைவிடப்பட்டது. இளைஞர் நகரங்களுக்குச் சென்றனர், வயல்கள் புதராயின, வேடர்கள் முதுமையடைந்தனர். பறிப்பாரற்ற காகிப் பழங்கள் மரத்திலேயே கனிந்து தொங்கின. பீச் மரங்கள் காய்க்காத ஆண்டுகளில் பசித்த கரடி அப்பழங்களைத் தேடி ஊருக்குள் வருகிறது.

விளைவு கொடியது. 2025இல் ஜப்பானில் கரடிகளால் 13 பேர் உயிரிழந்தனர். அதற்குமுன் எந்த ஆண்டிலும் இத்தனை மரணம் பதிவானதில்லை. அவ்வாண்டு நவம்பரில், அண்டை மாவட்டமான அகிதாவில் கரடிக்கூண்டுகளைச் சுமந்துசெல்லத் தற்காப்புப் படையினரே வரவழைக்கப்பட்டனர். கரடியை அடியோடு ஒழிப்பதும் தீர்வாகாது. கியூஷூ தீவில் அவ்வினம் அற்றுப்போனதாக 2012இல் அரசு அறிவித்தது. ஷிகோகு தீவில் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

மலைப்பகுதிகளுக்குச் செல்வோருக்குக் கூறப்படும் அறிவுரைகள் எளியவை. மணி கட்டிக்கொண்டு ஓசையெழ நடக்கவேண்டும். விடியலிலும் அந்தியிலும் தனியே செல்லலாகாது. கரடி எதிர்ப்பட்டால் ஓடாமல், அதன்மீது கண்வைத்தபடியே மெல்லப் பின்வாங்கவேண்டும். தாக்கினால் குப்புறப் படுத்துக் கழுத்தையும் பின்தலையையும் கைகளால் காக்கவேண்டும். ஊராருக்கு உரியவை வேறு: பழத்தை மரத்தில் விடாதிருத்தல், புதரை வெட்டுதல், குப்பையை மூடிவைத்தல்.

இவை யாவும் மறைந்துபோன எல்லையை மீண்டும் வரையும் முயற்சிகளே. யமதேராவின் கதை வேடனின் கருணையைப் போற்றுகிறது, அது தக்கதே. ஆயினும் அக்கருணை நிலைத்திருக்க, எல்லையில் நாள்தோறும் உழைக்கும் மனிதர் தேவைப்பட்டனர். அவர்களைக் கதை பாடவில்லை. அவர்கள் ஊரைவிட்டுப் போனபிறகே அவ்வுழைப்பின் மதிப்பு நமக்குத் தெரியவருகிறது.