17 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக்கோப்பை: வீரர்களின் மணிக்கட்டை ஏன் ஸ்கேன் செய்கிறார்கள்?

பிறப்புச் சான்றிதழ் சரியாக இருக்கிறது, பாஸ்போர்ட்டும் சரி. ஆனாலும் மணிக்கட்டில் எடுத்த ஒரு ஸ்கேன், வீரரின் உலகக்கோப்பை கனவையே கலைத்துவிடும். ஃபிஃபா நடத்தும் 17 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கான கால்பந்து உலகக்கோப்பையில் இதுதான் நிலைமை. இந்தத் தொடர் எப்படி நடக்கிறது, வயதுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? விரிவாகப் பார்க்கலாம்.

எப்போது தொடங்கியது?

1985-ல் சீனாவில் முதல் தொடர் நடந்தது. அப்போது வயது வரம்பு 16. இறுதிப் போட்டியில் மேற்கு ஜெர்மனியை 2-0 என வீழ்த்தி நைஜீரியா கோப்பையை வென்றது. 1991-ல் வரம்பு 17 ஆக உயர்த்தப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த தொடர், கொரோனா காரணமாக 2021-ல் மட்டும் நடக்கவில்லை.

2025-ல் பெரிய மாற்றம் வந்தது. 24 அணிகள் 48 ஆகின. 2025 முதல் 2029 வரை ஆண்டுதோறும் கத்தாரிலேயே தொடர் நடக்கும் என ஃபிஃபா அறிவித்தது. 2025 இறுதிப் போட்டியில் ஆஸ்திரியாவை 1-0 என வென்று போர்ச்சுகல் முதல்முறையாகச் சாம்பியன் ஆனது.

அதிக கோப்பை யாரிடம்?

நைஜீரியா 5 முறை, பிரேசில் 4 முறை வென்றுள்ளன. கானாவும் மெக்சிகோவும் தலா 2 முறை.

விதிமுறை என்ன?

தலா 4 அணிகள் கொண்ட 12 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடிக்கும் அணிகளும், மூன்றாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த 8 அணிகளும் அடுத்த சுற்றுக்குப் போகும். நாக்-அவுட்டில் 90 நிமிடத்தில் முடிவு தெரியாவிட்டால் கூடுதல் நேரம் கிடையாது, நேராக பெனால்டி ஷூட்-அவுட்தான். 2025-ல் வழக்கமான 'வார்' முறைக்குப் பதிலாக, பயிற்சியாளரே வீடியோ மறுபரிசீலனை கேட்கும் முறை பயன்படுத்தப்பட்டது.

17 வயது முடிந்தவர் ஆடலாமா?

பலருக்கும் குழப்பம் வரும் இடம் இது. போட்டி நடக்கும் நாளில் என்ன வயது என்பது கணக்கில்லை, பிறந்த ஆண்டுதான் கணக்கு. 2025 தொடருக்கு 2008 ஜனவரி 1 அல்லது அதன்பின் பிறந்திருக்க வேண்டும். ஜனவரியில் பிறந்த ஒருவர், நவம்பரில் ஆடும்போது 17 வயது 10 மாதம் ஆகியிருக்கும். அது விதிமீறல் ஆகாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

இந்த வயதில் ஒரு வருட வித்தியாசம்கூட சாதாரணமானதில்லை. உயரம், எடை, வேகம் எல்லாமே மாறிவிடும். 19 வயது இளைஞர் ஒருவர் 16 வயது எனச் சொல்லி இறங்கினால், ஆட்டத்தின் போக்கே மாறும். அதைவிட முக்கியமானது, உண்மையாகவே 16 வயதில் இருக்கும் ஒரு பையனின் இடம் பறிபோகும். ஐரோப்பிய கிளப்புகள் வீரர்களைத் தேடும் மேடை இது என்பதால், பறிபோவது ஒரு மேட்ச் மட்டுமல்ல, அந்தப் பையனின் எதிர்காலமும்தான்.

மெக்சிகோவுக்கு என்ன ஆனது?

20 வயதுக்குட்பட்டோர் தகுதிச்சுற்றில் வயது அதிகமான வீரர்களை இறக்கியதாக 1988-ல் மெக்சிகோ சிக்கியது. அந்நாட்டு கூட்டமைப்பு வெளியிட்ட ஆண்டு மலரில் இருந்த பிறந்த தேதிகளே காட்டிக் கொடுத்துவிட்டன. விளைவு, எல்லா சர்வதேசப் போட்டிகளிலும் இரண்டு ஆண்டு தடை. தப்பு நடந்தது ஜூனியர் அணியில், ஆனால் சீனியர் அணிதான் 1990 உலகக்கோப்பையை இழந்தது.

மணிக்கட்டை வைத்து வயசை எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

வளரும் வயதில் எலும்பின் முனையில் குருத்தெலும்பால் ஆன ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கும். வளர்ச்சி முடியும்போது அது முழுமையாக எலும்போடு இணைந்துவிடும். மணிக்கட்டின் ஆர எலும்பில் இந்த இணைப்பு எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்பதை எம்ஆர்ஐ ஸ்கேன் காட்டும். அதை 6 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 6-வது நிலை, அதாவது முழுமையாக இணைந்திருந்தால், அவர் 17 வயதைக் கடந்தவராக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம்.

எக்ஸ்ரேயில் கதிர்வீச்சு உண்டு, எம்ஆர்ஐயில் இல்லை. அதனால்தான் இந்தத் தேர்வு. 2009-ல் நைஜீரியாவில் நடந்த தொடரில் இந்தச் சோதனை அறிமுகமானது. தொடருக்கு முன்பே, போட்டியை நடத்திய நைஜீரியாவின் உத்தேச அணியிலிருந்து பலர் நீக்கப்பட்டார்கள்.

இது 100% சரியா?

இல்லை. ஸ்கேன் பிறந்த தேதியைச் சொல்லாது, எலும்பின் முதிர்ச்சியை மட்டுமே சொல்லும். மெதுவாக வளரும் உடல்வாகு கொண்ட 18 வயதுக்காரர் தப்பிவிடலாம். வேகமாக வளர்ந்த, உண்மையிலேயே 16 வயதான ஒருவர், மிக அரிதாக என்றாலும், சிக்கிக்கொள்ளலாம். பெண்களுக்கு எலும்பு சீக்கிரமே இணைந்துவிடும் என்பதால் ஆண்களுக்கான இந்த அளவுகோல் அவர்களுக்குப் பொருந்தாது.

இங்கே ஜொலித்தவர்கள் யார்?

ரொனால்டினோ, புஃபோன், நெய்மார், டோனி குரூஸ், சன் ஹியுங்-மின் எல்லாரும் இந்தத் தொடரில் ஆடியவர்கள்தான். 2015-ல் 10 கோல் அடித்து கோல்டன் பூட் வென்ற நைஜீரியாவின் விக்டர் ஒசிமென், பிறகு ஐரோப்பாவின் முன்னணி ஸ்ட்ரைக்கர்களில் ஒருவரானார். ஆனால் இங்கே ஜெயித்தால் அங்கேயும் ஜெயிக்கலாம் என்று அர்த்தமில்லை. 5 முறை சாம்பியனான நைஜீரியா, சீனியர் உலகக்கோப்பையில் ஒருமுறைகூட காலிறுதியைத் தொட்டதில்லை.

இந்தியா ஆடியிருக்கிறதா?

ஒரே ஒருமுறை, 2017-ல், போட்டியை நடத்திய நாடாக. டெல்லி, கொல்கத்தா, கொச்சி, கோவா, குவாஹாட்டி, நவி மும்பை ஆகிய இடங்களில் ஆட்டங்கள் நடந்தன. அமெரிக்கா, கொலம்பியா, கானா என மூன்று அணிகளிடமும் இந்தியா தோற்றது. ஆனால் கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்த கோல், ஃபிஃபா உலகக்கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோலாகப் பதிவானது.

கொல்கத்தா இறுதிப் போட்டியில் ஸ்பெயினிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்து, 5-2 என வென்று அசத்தியது. மொத்தம் 13.47 லட்சம் பேர் மைதானங்களுக்கு வந்தார்கள். அதுவரையிலான தொடர்களில் அதுவே அதிகபட்சம்.

போட்டியை நடத்தாமல் உள்ளே நுழைய, 16 அணிகள் ஆடும் ஆசியக் கோப்பையில் சாதிக்க வேண்டும். 2025 தொடருக்கு அதன் காலிறுதிக்கு வந்த 8 அணிகளுக்கு இடம் கிடைத்தது. அதாவது, ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஓர் அணிக்கு, பிரிவில் முதல் இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்தாலே உலகக்கோப்பை டிக்கெட். 48 அணிகளாக விரிவடைந்ததால் இந்தியா போன்ற நாடுகளுக்குத் திறந்திருக்கும் கதவு இதுதான்.