விண்வெளியில்தான் காற்றே இல்லையே... அப்புறம் சாட்டிலைட் ஏன் கீழே விழுது?

2022 பிப்ரவரி 3. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் அனுப்பியது. மறுநாளே சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. பெரிய புயல்கூட இல்லை. ஆனால் 38 செயற்கைக்கோள்கள் வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்துபோயின.

என்னதான் நடந்தது?

விண்வெளி 100 கி.மீ. உயரத்தில் தொடங்குகிறது என்பது நாம் வைத்துக்கொண்ட கணக்குதான். அதற்கு மேலும் பல நூறு கி.மீ. வரை மிக மெல்லிய காற்று இருக்கு. சூரியப் புயல் அடித்தால் அது சூடாகி, பால் பொங்குவது போல மேலே எழும்பும். ஸ்டார்லிங்க் அப்போது சுமார் 210 கி.மீ. உயரத்தில்தான் இருந்தது. முந்தைய ஏவுதல்களைவிட காற்றின் இழுவிசை 50 சதவீதம் வரை கூடியது. காற்றில் குறைவாகப் படும்படி, காகிதத்தைப் பக்கவாட்டில் பிடிப்பது போல திருப்பிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தப்பவில்லை.

400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையமும் இதே காரணத்தால் மாதத்துக்கு சுமார் 2 கி.மீ. கீழே இறங்குகிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தள்ளுகிறார்கள்.

அப்போ டிவி சாட்டிலைட்?

அது 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கு. அங்கே காற்றுத் தொல்லை இல்லை. சூரியனும் நிலவும்தான் இழுக்கின்றன. அப்படியே விட்டால் சுற்றுப்பாதை ஆண்டுக்கு கிட்டத்தட்ட 1 டிகிரி சாய்ந்துவிடும். மொட்டை மாடியில் ஒரே திசையில் மாட்டிய டிஷ்ஷுக்கு, மேலும் கீழும் ஆடும் சாட்டிலைட் சரிப்படாது. அதனால் எரிபொருளைச் செலவழித்து அடிக்கடி சரிசெய்கிறார்கள். எல்லாக் கருவிகளும் நல்லா வேலை செய்தாலும், எரிபொருள் தீர்ந்தால் சாட்டிலைட் ரிட்டயர்தான்! கடைசித் துளிகளை வைத்து சில நூறு கி.மீ. மேலே ஒதுக்கி விடுவார்கள்.

வெயில்கூட தள்ளுமா?

தள்ளும். ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஒளியின் அழுத்தம், அரை மில்லிகிராம் எடைக்குச் சமம். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் 1960-ல் நாசா அனுப்பிய எக்கோ-1, சுமார் 30 மீட்டர் அகல பலூன். பெரிய உடம்பு, எடையோ கம்மி. வெயில் அதன் பாதையையே மாற்றியது.

எல்லா விசையும் வில்லன் இல்லை. பூமி சரியான உருண்டை கிடையாது; நடுவில் தொப்பை. துருவத்தைவிட நிலநடுக்கோட்டில் ஆரம் சுமார் 21 கி.மீ. அதிகம். இந்தத் தொப்பையின் ஈர்ப்பு சுற்றுப்பாதையை மெல்லத் திருப்பும். உயரத்தையும் சாய்வையும் கணக்காகத் தேர்ந்தெடுத்தால், நாளுக்கு கிட்டத்தட்ட 1 டிகிரி திரும்பும். பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் அதேதான். இஸ்ரோவின் கார்ட்டோசாட் போன்றவை, ஒரு இடத்தை எப்போதும் ஏறக்குறைய ஒரே உள்ளூர் நேரத்தில் கடந்து படமெடுப்பது இப்படித்தான். திருப்பும் வேலைக்கு எரிபொருள் செலவில்லை, பூமியின் தொப்பையே பார்த்துக்கொள்கிறது.