கடல் பாலூட்டி ஆய்வு மாதிரிகள்: சேகரிப்பும் அனுமதியும்

கடல் பாலூட்டிகளின் தோல், கொழுப்பு, இரத்தம், பல், எலும்பு, உள்ளுறுப்புத் திசு ஆகியவற்றை ஆய்வுக்காக எடுக்கவும், வைத்திருக்கவும், வேறிடத்துக்குக் கொண்டுசெல்லவும் அரசு தரும் எழுத்துமூல ஒப்புதலே ஆய்வு மாதிரி அனுமதி. திமிங்கலம், ஓங்கில், சீல், கடற்சிங்கம், வால்ரஸ், கடல் நீர்நாய், மனாட்டி, ஆவுளியா எனப்படும் கடற்பசு, துருவக் கரடி ஆகியவை இதன் வரம்புக்குள் வருகின்றன. இந்த அனுமதிமுறையை மிக விரிவாக வகுத்துள்ள சட்டங்களில் ஒன்று அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுக் கடல் பாலூட்டிப் பாதுகாப்புச் சட்டம். நாட்டெல்லை தாண்டும் மாதிரிகளுக்கு, வனவிலங்குகளின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்த 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கையும் பொருந்தும். இந்த அனுமதிகள் ஆய்வாளர்களின் கையைக் கட்டிப்போடுகின்றன என்ற குறை நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. குறையில் உண்மை உண்டு. ஆனால் ஒரு மாதிரி எந்த விலங்கிடமிருந்து, எங்கே, எப்போது, யாரால், எப்படி எடுக்கப்பட்டது என்ற விவரத்தை அதனோடு பிரியாமல் பிணைத்துவைப்பது அந்த அனுமதித்தாள்தான். அந்த விவரம் தொலைந்துபோன திசு ஆய்வகத்திலும் மதிப்பிழக்கிறது, நீதிமன்றத்திலும் மதிப்பிழக்கிறது. ஆகவே அனுமதியை ஆய்வுக்கு வெளியே நிற்கும் தடையாகப் பார்க்காமல், மாதிரியின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்தில் அதிபர் நிக்சன் 1972 அக்டோபர் 21-இல் கையெழுத்திட்டார். கிழக்குப் பசிபிக்கில் சூரை மீனுக்கு விரித்த வலைகளில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான ஓங்கில்கள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. கடல் பாலூட்டிகளைக் கொல்வதோடு, பிடிப்பது, துரத்துவது, தொல்லை தருவது, இறக்குமதி செய்வது ஆகியவற்றையும் பொதுவாகத் தடைசெய்துவிட்டு, அறிவியல் ஆய்வு போன்ற சிலவற்றுக்கு மட்டும் அனுமதி வழியைத் திறந்தது அச்சட்டம். திமிங்கலம், ஓங்கில், சீல், கடற்சிங்கம் ஆகியவற்றுக்குத் தேசியக் கடல் மீன்வளச் சேவையும், வால்ரஸ், கடல் நீர்நாய், மனாட்டி, ஆவுளியா, துருவக் கரடி ஆகியவற்றுக்கு மீன் மற்றும் வனவிலங்குச் சேவையும் பொறுப்பு. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் தொல்லையை இரு நிலைகளாகப் பிரித்தது. காயப்படுத்தக்கூடியது முதல் நிலை. நடத்தையைக் குலைக்கக்கூடியது இரண்டாம் நிலை. படகில் நெருங்கி வால்துடுப்பைப் படமெடுப்பது இரண்டாம் நிலை என்பதால், அழிநிலைப் பட்டியலில் இல்லாத இனங்களுக்கு எளிய பொது ஒப்புதல் போதும். தோல் மாதிரி எடுப்பது முதல் நிலை. அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

அந்தத் தோல் மாதிரி எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்தால் சட்டத்தின் கவலை புரியும். குறுக்குவில்லிலிருந்து எய்யப்படும் அம்பின் நுனியில் உள்ளீடற்ற சிறிய எஃகுக் குழல் இருக்கும். அது திமிங்கலத்தின் முதுகில் பட்டுத் தெறித்து நீரில் மிதக்கும். படகிலிருப்பவர்கள் வலைக்கரண்டியால் அதை எடுத்து, குழலுக்குள் சிக்கிய சிறு துண்டை இடுக்கியால் உருவி, தோலை மரபணு ஆய்வுக்கும் கொழுப்பை நச்சுப்பொருள் ஆய்வுக்கும் எனப் பிரிக்கிறார்கள். எந்த இனத்தில் எத்தனை விலங்குகளிடம், எந்தக் கடற்பகுதியில், எந்தக் கருவியால், யார் எடுக்கலாம் என்பதை அனுமதி முன்கூட்டியே வரையறுக்கிறது. எடுத்தவற்றுக்கு ஆண்டறிக்கையில் கணக்குக் காட்ட வேண்டும். ஆய்வேட்டில் எப்படியும் குறிக்க வேண்டிய செய்திகள்தான் இவை. விலங்கைத் தொடாமல் கிடைப்பவற்றுக்கு அதே சட்டம் இளகிக்கொடுப்பதையும் கவனிக்க வேண்டும். அழிநிலைப் பட்டியலில் இல்லாத இனத்தின் எலும்போ பல்லோ கடலோரத்தில் கிடந்தால், யார் வேண்டுமானாலும் எடுத்து 30 நாட்களுக்குள் பதிவுசெய்துகொள்ளலாம், விற்கத்தான் கூடாது. உதிர்ந்த தோல், மிதக்கும் சாணம் போன்றவற்றை, விலங்குக்குத் தொல்லை தராத வரையில், உண்மையான ஆய்வுக்காகத் தனி அனுமதி இல்லாமலே சேகரிக்கலாம். மோப்ப நாய்களைப் படகில் ஏற்றி வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்களின் சாணத்தைத் தேடி எடுத்த ஆய்வாளர்கள், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் கப்பல் போக்குவரத்தும் அதன் இரைச்சலும் குறைந்த நாட்களில் அவற்றின் மன அழுத்த ஹார்மோன் அளவும் குறைந்திருந்ததைக் கண்டார்கள்.

செத்த விலங்கின் இறைச்சித் துண்டுக்கு எதற்கு இவ்வளவு காவல், அதற்கு இனி என்ன தீங்கு வரப்போகிறது என்பது அடிக்கடி எழும் கேள்வி. விடை சந்தையில் இருக்கிறது. 1993-இல் ஸ்காட் பேக்கர், ஸ்டீஃபன் பலும்பி என்ற இரு உயிரியலாளர்கள் ஜப்பானியக் கடைகளில் விற்ற திமிங்கல இறைச்சியின் மரபணுவை ஆராய முனைந்தார்கள். சைட்டிஸ் விதிகளால் அந்த இறைச்சியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக வழியில்லை. எனவே டோக்கியோவில் ஒரு விடுதி அறையிலேயே கையடக்க ஆய்வகம் அமைத்து, பி.சி.ஆர். முறையில் மரபணுத் துணுக்குகளைப் பெருக்கி, செயற்கையாக உருவான அந்தப் படிகளை மட்டும் எடுத்துச்சென்றார்கள். 1994-இல் சயன்ஸ் இதழில் முடிவு வெளியானது. சட்டப்படி விற்கத்தக்க மின்கி திமிங்கலத்தோடு, பாதுகாக்கப்பட்ட ஃபின் திமிங்கலமும் கூனல் திமிங்கலமும் கடைத்தட்டில் இருந்தன. சட்டத்தின் கெடுபிடி ஆய்வாளரை எந்தப் பாடு படுத்துகிறது என்பதற்கு இதைச் சான்று காட்டுவோர் உண்டு. எனக்கு இது எதிர்த்திசையில்தான் சான்றாகப் படுகிறது. ஆய்வு மாதிரி என்று பெயர் சூட்டினால் எந்தத் திமிங்கலத் துண்டும் எல்லை கடக்கலாம் என்றிருந்தால், அவர்கள் கண்டுபிடித்த கள்ள வணிகத்துக்கே அது வாசலாகியிருக்கும். வெட்டிய பிறகு எல்லா இனத்தின் இறைச்சியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். தாளும் மரபணுவும்தான் வேறுபடுத்திக் காட்டும்.

இன்னும் கூர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு: அனுமதியே திரையாகிவிட்டால்? 1946-ஆம் ஆண்டின் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஒழுங்குமுறை ஒப்பந்தத்தின் 8-ஆம் பிரிவு, ஆய்வுக்காகத் திமிங்கலம் கொல்ல ஒரு நாடு தன் குடிமக்களுக்குத் தானே அனுமதி தரலாம் என்கிறது. வணிக வேட்டைக்குத் தடை வந்தபின் ஜப்பான் தென்பெருங்கடலில் இந்தப் பிரிவின் கீழ்தான் ஆய்வு என்ற பெயரில் வேட்டைத் திட்டம் நடத்தியது. ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2014 மார்ச் 31-இல், அந்தத் திட்டத்துக்கான அனுமதிகள் அறிவியல் ஆய்வின் பொருட்டுத் தரப்பட்டவை அல்ல என்று தீர்ப்பளித்தது. 2005 முதல் சுமார் 3,600 மின்கி திமிங்கலங்கள் கொல்லப்பட்டிருக்க, அதற்கேற்ற ஆய்வு வெளியீடு மிகக் குறைவு என்பதை நீதிமன்றம் சுட்டியது. இந்த வழக்கு அனுமதிமுறையையே பொய்யாக்கிவிடவில்லை. திட்டத்தின் நோக்கமும் கொல்லவேண்டிய எண்ணிக்கையும் எழுத்தில் இருந்ததால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அளக்க முடிந்தது. பழுது, அனுமதி தருபவரும் பெறுபவரும் ஒரே தரப்பாக இருந்ததில் இருக்கிறது. அமெரிக்க முறையில் விண்ணப்பம் அரசிதழில் வெளியாகிறது, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் உண்டு, கடல் பாலூட்டி ஆணையம் தனியே பரிசீலிக்கிறது. ஊரறியத் தரப்படும் அனுமதிக்கும் வீட்டுக்குள் தரப்படும் அனுமதிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தாமதம் பற்றிய குறையை இப்படித் தள்ளிவிட முடியாது. வெயிலில் கிடக்கும் ஓங்கிலின் உள்ளுறுப்புகள் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கிவிடும். 1987-88-இல் அமெரிக்க அட்லாண்டிக் கரையில் 740-க்கும் மேற்பட்ட ஓங்கில்கள் இறந்தபோது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முந்தைய திசுச் சேமிப்பும் போதவில்லை, ஒருங்கிணைந்த ஏற்பாடும் இல்லை. அந்தப் பாடத்திலிருந்து 1992-இல் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு தனி அத்தியாயம் சேர்ந்தது. கரையொதுங்கும் விலங்குகளைக் கையாளும் அமைப்புகள் முன்கூட்டியே அரசோடு உடன்பாடு செய்துகொள்கின்றன. சடலம் ஒதுங்கிய பிறகு விண்ணப்பம் எழுத உட்கார வேண்டியதில்லை. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் உள்ள தேசியக் கடல் பாலூட்டித் திசு வங்கி, ஒரே நடைமுறையில் சேகரித்த திசுக்களைத் திரவ நைட்ரஜன் ஆவியில் சுமார் மைனஸ் 150 டிகிரி செல்சியஸில் காக்கிறது. அலாஸ்காப் பழங்குடியினர் உணவுக்காகச் சட்டப்படி வேட்டையாடும் விலங்குகளின் திசுக்களும், அவர்களின் ஒத்துழைப்போடு அங்கே சேர்கின்றன. சேகரித்த நாளில் யாரும் கவனிக்காத ஒரு நச்சுப்பொருளைப் பிற்காலத்தில் அத்திசுவில் தேடலாம். ஆண்டும் இடமும் நம்பத்தக்கதாக இருந்தால்தான் அந்தத் தேடலுக்குப் பொருள் உண்டு. ஆக, தாமதத்துக்கு மருந்து விலக்கு அளிப்பது அன்று, முன்னனுமதி.

எல்லை கடக்கும்போது சுமை இரட்டிப்பாகிறது. பெருந்திமிங்கலங்களில் பெரும்பாலானவையும் ஆவுளியாவும் சைட்டிஸின் முதல் பட்டியலில் உள்ளவை. அவற்றின் மாதிரிக்கு அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டின் அனுமதியும் வேண்டும். இரண்டாம் பட்டியலுக்கு ஏற்றுமதி அனுமதி போதும் என்றாலும், அமெரிக்கா போன்ற நாடுகள் தம் உள்நாட்டுச் சட்டப்படி மேலும் கேட்கும். எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத பெருங்கடலில் எடுத்த மாதிரியைக் கரைக்குக் கொண்டுவருவதும் உடன்படிக்கையின் கணக்கில் வரும். பதிவுபெற்ற அறிவியல் நிறுவனங்கள் பதப்படுத்திய அருங்காட்சியக மாதிரிகளைத் தமக்குள் வணிக நோக்கமின்றி இரவலாகவோ கொடையாகவோ பரிமாறிக்கொள்ள, 7-ஆம் பிரிவின்படி ஒரு முத்திரைச் சீட்டே போதும். இந்தச் சலுகை பெரிய அருங்காட்சியகங்களுக்குக் கைகொடுக்கும் அளவுக்குச் சிறு பல்கலைக்கழகத் துறைகளுக்குக் கைகொடுப்பதில்லை. அனுமதிமுறை மீது வைக்கப்படும் குறைகளில் மிக நியாயமானது இதுவே. பதிவை அவர்களுக்கும் எளிதாக்குவது அரசுகளின் கடமை.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இறந்துகிடக்கும் வனவிலங்கும் அரசின் சொத்து. ஆவுளியாவும் ஓங்கில்களும் அதன் முதல் அட்டவணையில் உள்ளன. ஆய்வுக்கான அனுமதியைத் தலைமை வன உயிரினக் காப்பாளர் 12-ஆம் பிரிவின் கீழ் தருகிறார். வெளிநாட்டு ஆய்வாளர் இந்திய உயிரியல் வளத்தைப் பெற, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் தேவை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டிஸ் விதிகளை உள்நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இவற்றின் தேவையைத் தூத்துக்குடிக் கரையே காட்டும். 1973 ஜனவரியில் அங்கே 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு பகுதியில் மீண்டும் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. இரண்டையும் இன்று ஒப்பிட முடிகிறதென்றால், முன்னதை எண்ணிக் குறித்துவைத்தவர்கள் இருந்ததால்தான். வனத்துறை, கால்நடை மருத்துவர்கள், கடலாய்வு நிறுவனங்கள் மூவருக்கும் சேர்த்து ஒவ்வொரு கடலோர மாவட்டத்திலும் நிலையான முன்னனுமதி இருக்க வேண்டும். கரையோரத்தில் வாழ்பவர்கள் ஓங்கிலோ ஆவுளியாவோ ஒதுங்கிக் கிடக்கக் கண்டால், பல்லையும் எலும்பையும் நினைவுப்பொருளாக எடுத்துச்செல்லாமல், இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உடனே வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.