பேசும் நூல்: ஒரு வரலாற்று நோக்கு

வாசிப்பு என்பது கண்ணின் தொழில் என்ற எண்ணம் அச்சு நூல்களின் பெருக்கத்தோடு வலுப்பெற்றதொன்றாகும். அதற்கு முன்னர் நூலின் வாழ்வு பெரிதும் செவியையே சார்ந்திருந்தது. புலவனின் நூல் அவையோர் கேட்க அரங்கேறிய பின்னரே நூலெனக் கொள்ளப்பட்டது. திருக்குறளிலே கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்திருப்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லும் புராணபடன மரபு, எழுத்தறியாதோரையும் ஒரு பெருங்காப்பியத்தின் உரிமையாளராக்கியது.

இன்று திறன்பேசியிலுள்ள ஒலிநூற் செயலியொன்றை முதன்முறையாகத் திறப்பவர், ஒரு பொத்தானை அழுத்தியதும் முழு நூலையும் ஒருவர் தமக்காக வாசிக்கக் கேட்கின்றார். வாசிப்பின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தவறவிட்ட தொடரைச் சில விநாடிகள் பின்சென்று மீளக் கேட்கலாம். விட்ட இடத்தைச் செயலியே நினைவில் வைத்திருக்கும். உறங்கும் வேளையில் தானே நிற்குமாறு நேரமும் குறிக்கலாம். இவ்வசதிகளைக் கண்டு இதனை நேற்றுத் தோன்றிய புதுமை என்பாரும், நேரமற்றோரின் பொழுதுபோக்கு என்பாரும் உளர். வரலாற்றை நோக்குமிடத்து இவ்விரு கருத்துகளும் பொருந்தாமை புலனாகும். பேசும் நூல், பார்வையிழந்தோரின் தேவையிலிருந்து பிறந்ததாகும்.

1877ஆம் ஆண்டிலே தோமஸ் அல்வா எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டில் அதன் பயன்களை நிரைப்படுத்தி எழுதிய கட்டுரையில், பார்வையற்றோருக்காகப் பேசும் நூல்களையும் அவர் குறிப்பிட்டார். ஆயினும் எண்ணம் செயலாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஆரம்பகாலக் கருவிகள் சில நிமிடப் பேச்சையே பதியவல்லன. அவற்றைக் கொண்டு ஒரு நாவலைப் பதிவதென்றால் பதிவுகளை அடுக்கி வைக்கவே ஓர் அறை வேண்டியிருந்திருக்கும்.

இத்தடையைக் கடக்கும் உந்துதலை முதலாம் உலகப்போர் அளித்தது. போர்க்களத்திலே பார்வையிழந்து திரும்பிய வீரர் பலர் பிரெயில் எழுத்தை விரலால் தடவி விரைந்து வாசிக்க இயலாதிருந்தனர். சிறுவயதில் பழகாத விரல்களுக்கு அது கடினமான கல்வியாயிற்று. 1916ஆம் ஆண்டு சொம் போர்முனையில் பார்வையிழந்த இயன் பிரேசர், பின்னர் பிரித்தானியாவிலே பேசும் நூல் முயற்சியின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கினார். 1935ஆம் ஆண்டில் அங்கு முதற் பேசும் நூல்கள் வெளிவந்தன. யோசப் கொன்ராட்டின் நாவலொன்றும் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலொன்றும் அவற்றுள் அடங்கும். மெதுவாகச் சுழலும் அவ்விசைத்தட்டின் ஒரு பக்கம் 25 நிமிடம் பேசியது. எனவே எட்டு மணித்தியால நூலொன்றுக்குப் பத்துத் தட்டுகள் வரையில் தேவைப்பட்டன.

ஐக்கிய அமெரிக்காவில் 1931ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பார்வையற்ற வளர்ந்தோருக்கு நூல் வழங்கும் பொறுப்பைக் கொங்கிரஸ் நூலகத்திடம் ஒப்படைத்தது. 1934இல் அங்கு பேசும் நூல் தட்டுகள் வழக்கிற்கு வந்தன. நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டுப் பொதுச் சந்தையில் நிலைபெற்றது 1948ஆம் ஆண்டிலாகும். ஆகவே இசை இரசிகருக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே அவ்வசதி பார்வையற்ற வாசகரை அடைந்திருந்தது. வலுவற்றோரின் தேவை தொழில்நுட்பத்தின் முன்னோடியாவதற்கு இது தக்கதொரு சான்றாகும்.

இங்கு கருதத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. தம் வணிகம் பாதிக்கப்படுமென அஞ்சிய அமெரிக்க வெளியீட்டாளர், அத்தட்டுகள் பார்வையற்றோருக்கு மட்டுமே வழங்கப்படவேண்டும், பிறருக்கு விற்கப்படலாகாது என்ற நிபந்தனையோடுதான் இசைந்தனர். அன்று பேசும் நூலைச் சுற்றி எழுந்த வேலி, பார்வையுடையோரை வெளியே நிறுத்தியது.

அவ்வேலி படிப்படியாக அகன்றது. 1952இல் அமெரிக்காவில் இரு இளம்பெண்கள், பாபரா ஹோல்ட்ரிச்சும் மரியான் மன்ரெலும், கட்மன் என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கவிஞர் டிலன் தோமஸின் குரலை இசைத்தட்டில் வெளியிட்டனர். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கசற் நாடா, நூலைச் சட்டைப் பையில் அடங்கச் செய்தது. 1975இல் கலிபோர்னியாவிலே, நாள்தோறும் நெடுந்தூரம் வாகனமோட்டிப் பணிக்குச் சென்றுவந்த டுவால் ஹெக்ற், முழு நூல்களையும் நாடாவிற் பதிந்து வாடகைக்கு வழங்கும் தொழிலைத் தொடங்கினார். 1995இல் தோன்றிய ஓடிபிள் நிறுவனம் நூலை நாடாவிலிருந்து இணையத்துக்கு மாற்றியது. 2008இல் அமேசன் அதனை வாங்கிக்கொண்டது. 2005இல் தோன்றிய லிப்ரிவொக்ஸ் வேறொரு பாதையில் சென்றது. பதிப்புரிமை நீங்கிய நூல்களைத் தொண்டர்கள் வாசித்துப் பதிய, எவரும் அவற்றைக் கட்டணமின்றிக் கேட்க அது வழிசெய்தது.

இவ்வாறு பொதுமக்களை வந்தடைந்த பேசும் நூல், தனக்குப் பிறப்பளித்தோரைக் கைவிடக்கூடிய நிலை ஒன்றும் உருவாயிற்று. முன்னைய கருவிகளின் விசைகளை விரல் தடவி அறிந்தது. திறன்பேசியின் வழவழப்பான கண்ணாடியில் தடவியறிய எதுவுமில்லை. 2009ஆம் ஆண்டில் ஐபோனிலும் அன்ட்ரொயிட் பேசிகளிலும் திரையிலுள்ளதை வாசித்துக் கூறும் வசதி இணைந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது. எனினும் பொத்தானுக்குப் பெயரிடாமல் வெறும் படத்தை மட்டும் வைக்கும் செயலியில், அவ்வசதியும் பயனற்றுப்போகும். அங்கு குரல் ‘பொத்தான்’ என்று மட்டுமே கூறும். எது தொடங்கும் பொத்தான், எது நிறுத்தும் பொத்தான் என்பதைக் கேட்போர் அறியார். செவிக்கென ஆக்கப்பட்ட நூலின் வாயிலிலே மீண்டும் கண் வேண்டப்படுதல் முரணன்றோ?

தமிழைப் பொறுத்தவரை இன்னுமொரு சிக்கல் உண்டு. இயந்திரக் குரல் எழுத்தைக் கண்டே ஒலிக்கும். தமிழிலோ ஓரெழுத்துப் பல ஒலிகளுக்கு நிற்பதுண்டு. ‘பாவம்’ என்பது தீவினையா, முகத்தில் தோன்றும் மெய்ப்பாடா என்பதை இடமறிந்தே ஒலிக்கவேண்டும். செய்யுளைச் சீர்பிரித்து வாசிப்பதா, பொருள்பிரித்து வாசிப்பதா என்பதும் நூலுணர்ந்தோரின் தெரிவாகும். புராணபடனத்தில் வாசிப்போரும் பயன் சொல்வோரும் ஆற்றிய பணி இதுவேயாம். ஆகவே, நன்கு வாசிக்கும் மனிதக் குரலுக்கான தேவை நம்மொழியில் இன்னும் நீங்கவில்லை.

சட்டத்தடையும் ஓரளவு தளர்ந்துள்ளது. 2013ஆம் ஆண்டு மொரொக்கோவின் மராகேசு நகரில் நிறைவேறிய உடன்படிக்கை, பார்வையற்றோரும் அச்சை வாசிக்க இயலாத பிறரும் பயன்படுத்தத்தக்க வடிவங்களில் நூல்களை ஆக்கவும், நாடுகளுக்கிடையே பரிமாறவும் பதிப்புரிமையில் விலக்களிக்கின்றது. இந்தியா 2014இலும் இலங்கை 2016இலும் அதில் இணைந்தன. ஆயினும் உடன்படிக்கை வாயிலைத் திறந்துவிடுமேயன்றி நூலை வாசித்துத் தராது. பல்கலைக்கழகத்துப் பாடநூலொன்றைப் பார்வையற்ற மாணவர் இன்று படிக்கவேண்டுமாயின், எவரேனும் அதை வாசித்துப் பதிந்திருக்கவேண்டும். அல்லது எழுத்துப் பிழையின்றிக் கணினியில் ஏற்றியிருக்கவேண்டும். அதற்கு வேண்டிய கருவி இன்று மாணவர் பலரின் கையிலும் உள்ளது.

செவியால் கேட்பது வாசிப்பாகுமா என்ற வினா இன்றும் எழுப்பப்படுகின்றது. அரங்கேற்றத்தையும் புராணபடனத்தையும் அறிந்த சமூகத்துக்கு அது விடையற்ற வினாவன்று. விடை காணவேண்டியது வேறொரு வினாவுக்கேயாம். ஒலிநூற் செயலியொன்றின் தகுதியை அதிலுள்ள நூல்களின் தொகையைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. எவருக்காகப் பேசும் நூல் முதலில் பேசத் தொடங்கியதோ, அவர் பிறர் துணையின்றி அதனைத் திறந்து, தம் தாய்மொழியில் ஒரு நூலைத் தேர்ந்து கேட்க இயலுமா என்பதே அதன் உரைகல்லாகும்.